ஏழு தீவு, எட்டு நாள், முப்பது பறவை

உம்ம திட்டத்த என் மவ வாசிக்க வாசிக்க, ரெண்டு தடவ முழுசாக் கேட்டுட்டேன் மருமவனே. எட்டு நாளு, ஏழு தீவு, முப்பது பறவை. காலை எட்டரையில இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் கட்டம் கட்டி, கட்டத்துக்குள்ள பறவை பேரும் எழுதி, பாத்தாச்சுன்னா டிக் அடிக்கப் பக்கத்துலயே ஒரு சின்னக் கட்டமும் போட்டிருக்கீரு. கலியாண வீட்டுப் பந்திக்குக் கூட இவ்வளவு கச்சிதமா எல எண்ணுனவன் நம்ம ஊருல கெடையாது. ஒரே ஒரு கொறைதான். அந்தப் பறவைகளுக்கு ஒரு நகல் அனுப்பினீரா? எத்தனை மணிக்கு எந்தக் கொப்புல வந்து உக்காரணும்னு அதுகளுக்குத் தெரியாண்டாமா? போட்டுக்காரனுக்கும் ஒண்ணு அனுப்பும். வங்காள விரிகுடாவுக்கு மெயில் ஐடி இருந்தா அதுக்கும் ஒண்ணு தட்டி விடும்.

எனக்கு என்ன தெரியும்? நான் அந்தமான்ல தீவுக்குத் தீவு போற சர்க்கார் கப்பல்ல பண்டாரியா இருந்து, சோறு வடிச்சிப் போட்டுக் காலத்த ஓட்டுனவன். பறவை சாஸ்திரம் படிச்சவன் இல்ல. ஆனா பறவை பாக்க வந்தவங்கள நெறையப் பாத்திருக்கேன். கழுத்துல ஐம்பதாயிரம் ரூவா பைனாகுலர், கையில வாந்திக்கு ஒரு பை. தலைக்கு மேல கடல் கழுகு வட்டம் போடும். இவங்க குனிஞ்சு பைக்குள்ள பாத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த அனுபவத்துல நாலு வார்த்த சொல்லுதேன். புடிச்சா எடுத்துக்கிடும். புடிக்கலன்னா உம்ம கட்டத்துக்குள்ள ‘மாமா ஒளறல்’னு ஒரு டிக் அடிச்சுக்கிடும்.

மொதல்ல கம்பச் சூத்திரத்த அவுத்துருதேன். அந்தமானத் தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லாத பறவை இருபது சொச்சம் இருக்கு. கறுப்பு மரங்கொத்தி, பாம்புப் பருந்து, வால்காக்கை, கரிச்சான், சோலைப்பாடி, செம்போத்து, காட்டுப்புறா, கானாங்கோழி, ஆந்தை வகை, பக்கி வகைன்னு பட்டியல் நீளும். இதுல அநேகமா எல்லாமே தெக்கு அந்தமான்ல, போர்ட் பிளேர்ல இருந்து ஆட்டோவும் பஸ்ஸும் பெர்ரியும் போற தூரத்துக்குள்ளயே இருக்கு. நீரு ஏழு தீவு தாவிப் போய்த் தேடப் போறது, நீரு ராத்திரி படுக்கப் போற ஊருக்கு வெளியிலேயே உக்காந்திருக்கு. இதச் சொன்னா உமக்குச் சப்புனு போயிரும்னு தெரியும். ‘ஏழு தீவு சுத்துனேன்’னு ஆபீசுல சொல்லுறதுல இருக்க கெத்து, ‘சிப்பிகாட் ரோட்டோரம் குத்தவச்சிருந்தேன்’னு சொல்லுறதுல வராதுதான். என்ன செய்ய, பறவைகளுக்கு உம்ம ஆபீசு தெரியாது.

தீவு தாவுற கணக்க ஒரு தடவ போட்டுப் பாப்போமா? ஹேவ்லாக்குக்கு சர்க்கார் போட்டுல ரெண்டு, ரெண்டரை மணி நேரம். தனியார் போட்டு அத விட வெரசாப் போவும். ‘ரெண்டு மணி நேரந்தானே மாமா’ங்கீரு. ஆனா காலையில பொறப்படுற போட்டப் புடிக்க விடியக்காலமே எந்திரிச்சு, பெட்டி கட்டி, ரூமுக்குக் கணக்கு முடிச்சு, ஜெட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயி, வரிசையில நிக்கணும். பறவை வாயத் தொறந்து கூவுற நேரமும் அதே நேரந்தான். அங்க காடு முழுக்கக் கச்சேரி நடக்கும். நீரு போனிக்ஸ் பே ஜெட்டியில ஆதார் அட்டையக் காட்டிக்கிட்டு நிப்பீரு. அந்தப் பக்கம் எறங்கி, ஆட்டோக்காரன்ட்ட பேரம் பேசி, ரூமுக்குப் போயி, குளிச்சு, சாப்புட்டு வெளிய வரையில வெயிலு உச்சிக்கு வந்திரும். பறவையெல்லாம் நெழலப் பாத்து அடங்கியிருக்கும். அதாவது ஒரு தீவு மாறுனா ஒரு காலை போச்சு. ஏழு தீவுன்னா எத்தன காலை? உமக்குத்தான் எக்ஸெல் இருக்கே, அதுட்ட கேளும்.

சர்க்கார் போட்டு டிக்கெட் நெனச்ச நேரத்துல கெடைக்கும்னும் எண்ணாதீரும். தீவுல இருக்க சனங்களுக்குத்தான் முன்னுரிமை. ஆசுபத்திரிக்குப் போறவன், பரீச்சைக்குப் போற புள்ள, காய்கறி மூட்டைக்காரன், இவங்களுக்கு அது பஸ்ஸு. உமக்குத்தான் அது உல்லாசம். காத்து மாறிக் கடல் கொந்தளிச்சா போட்டு ரத்து. கவுண்டர்ல போயி, ‘எனக்கு இன்னைக்கு மூணு பறவை பாக்கி இருக்கு’ன்னு சொல்லிப் பாரும், ரொம்ப மரியாதையாக் கேட்டுக்கிட்டு ஜன்னலச் சாத்துவான்.

பேரு விசயத்துலயும் கொஞ்சம் சூதானமா இரும். ஹேவ்லாக்குக்கு 2018-ல ஸ்வராஜ் தீவுன்னு பேரு மாத்தியாச்சு. நீல் தீவு ஷஹீத் தீவு ஆயிருச்சு. மவுண்ட் ஹாரியட்ட 2021-ல மவுண்ட் மணிப்பூர்னாங்க. போர்ட் பிளேரையே 2024-ல ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிட்டாங்க. டிக்கெட்டுல ஒரு பேரு இருக்கும், ஆட்டோக்காரன் வாயில வேற பேரு வரும். ரெண்டையும் எழுதி வையும். இல்லன்னா ஹேவ்லாக் ஒண்ணு, ஸ்வராஜ் ஒண்ணுன்னு ஒரே தீவ ரெண்டாக் கணக்கு வச்சிப்பிடுவீரு. உமக்கு எண்ணிக்கை கூடுனா சந்தோசந்தானே!

அப்புறம் இந்தக் ‘காலை எட்டரை, காம்ப்ளிமெண்டரி பிரேக்பாஸ்ட்’ கட்டம். அத வாசிக்கையில என் மவளுக்கே சிரிப்பு வந்திருச்சு. நம்ம திருநெல்வேலிக்கும் போர்ட் பிளேருக்கும் கடியாரம் ஒண்ணு, சூரியன் வேற. அது நமக்குக் கெழக்க 15 பாகை தள்ளி இருக்கு. அங்க எல்லாம் ஒரு மணி நேரம் முன்னாடியே நடந்து முடிஞ்சிரும். ஏப்ரல் மாசம்னா அஞ்சு மணிக்கெல்லாம் நல்லா வெளிச்சம் வந்திரும். டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சேகாலுக்கு இருட்டு கட்டும். நாலரைக்கு எந்திரிச்சு, அஞ்சு மணிக்குக் காட்டோரம் நிக்கணும். எட்டரைக்குள்ள அன்னைக்குப் பாக்க வேண்டியதுல முக்காவாசி முடிஞ்சிரும். நீரு இட்லிக்குச் சட்னி கேட்டுக்கிட்டு இருக்க நேரத்துல மரங்கொத்தி தன் காலைச் சோலிய முடிச்சுட்டு எளைப்பாறப் போயிருக்கும். ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வந்தா பத்து மணிக்கு எந்திரிக்க ஆளு நீரு. அந்தமானுக்குப் போறதுக்கு மின்ன இங்க ஒரு வாரம் நாலரைக்கு எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டும். பழகுன மாதிரியும் ஆச்சு, எனக்கு ஒரு வேல கொறஞ்ச மாதிரியும் ஆச்சு.

சரி, எடத்தச் சொல்லுதேன். எழுதிக்கிடும்.

ஒண்ணு சிப்பிகாட். போர்ட் பிளேர்ல இருந்து கிட்டத்துலதான். ரோட்டோரமாவே தண்ணி தேங்கிக் கெடக்கும். அங்க அந்தமான் கிளுவை இருக்கு. தவிட்டு நெறத்துல சின்ன வாத்து, கண்ணச் சுத்தி வெள்ளை வளையம். சேத்து மேட்டுல நாலஞ்சு சேந்து சும்மா நிக்கும். ஒண்ணு எறகக் கோதும், ஒண்ணு கழுத்த மடக்கித் தூங்கும். உலகத்துல இந்தத் தீவுக் கூட்டத்துல மட்டும் இருக்க வாத்து, தான் பெரிய ஆளுன்னு ஒரு நெனப்பும் இல்லாம நிக்கும். ஓடிப் போயி லென்ச நீட்டாதீரும். ஆட்டோவுக்குள்ளயே இருந்து பாரும். ஆளக் கண்டாத்தான் பறக்கும், ஆட்டோவக் கண்டா பறக்காது.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிடும். அங்க தண்ணி தேங்கிக் கெடக்க எடம் குளம் இல்ல, வயக்காடு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துல தெக்கு அந்தமான் பக்கம் தரையே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து போச்சு. வடக்க தரை உசந்து பவளப்பாறை வெளிய வந்திச்சு. தெக்க கடத்தண்ணி உள்ள வந்திச்சு. வந்தது திரும்பிப் போவல. ஒருத்தன் நெல்லறுத்த எடத்துல இப்ப கிளுவை மேயுது. ‘என்ன அழகான சதுப்பு நெலம்’னு அங்க உள்ளவங்க காதுபடச் சொல்லிப்பிடாதீரும். பக்கத்துல டீ ஆத்திக்கிட்டு இருக்கவன் நெலமா இருக்கும் அது.

ரெண்டாவது மவுண்ட் ஹாரியட். சாத்தம் ஜெட்டியில பெர்ரி ஏறி, பேம்பூஃபிளாட்ல எறங்கி, அங்க இருந்து மலைக்கு வண்டி. பெர்ரியில ஆடு, பைக்கு, மீன்கூடை எல்லாம் உம்மகூட வரும். அதுவும் கடல் பயணந்தான், படத்துல போட்டுக்கிடும். பழைய செவப்பு இருபது ரூவா நோட்டு ஒண்ணு வீட்டுல கெடந்தா பின்பக்கம் திருப்பிப் பாரும். தென்னமரத்துக்கு அங்கிட்டுக் கடலு, கடலுக்கு அங்கிட்டு ஒரு மலை. அந்த மலைதான் இது. வெள்ளக்காரன் காலத்துல, 1862-ல இருந்து 64 வரைக்கும், அங்க அதிகாரியா இருந்த டைட்லர் துரையோட பொண்டாட்டி பேரு ஹாரியட். துரைக்குப் பறவைப் பைத்தியம். மலைக்கு வந்தது அம்மா பேரு. பாத்தீரா, அப்பவே ஒருத்தன் பறவ பின்னாடி அலைஞ்சுக்கிட்டு, வீட்டுல சமாதானத்துக்கு ஒரு மலையையே எழுதி வச்சிருக்கான். நீரு என் மவளுக்கு ஒரு முத்துமாலை வாங்கிக் கொடுத்துத் தப்பிக்கப் பாக்கீரு.

மலையில பெரிய மரங்களுக்குள்ள மெதுவா நடக்கணும். ஏறுறதுல கவனம் வைக்காம நிக்கிறதுல வையும். கருங்கறேர்னு ஒரு மரங்கொத்தி, ஒசந்த கொண்டை, ஆணுக்குத் தல மட்டும் ரத்தச் செவப்பு. பட்ட மரத்துல அது போடுற அடி மலைக்கே கேக்கும். செம்போத்தையும் பாரும். நம்மூருச் செம்போத்துக்கு ஒடம்பு கறுப்பு, றெக்கை செம்மண்ணு. அங்க உள்ளதுக்குக் கறுப்பே கெடையாது. தல, ஒடம்பு எல்லாம் தவிட்டு நெறம். ‘இது நம்ம வேலிக்குள்ள ஓடுறதுதானே’ன்னு எளக்காரமா விட்டுட்டு வந்திராதீரும். அதுவும் உம்ம முப்பதுல ஒண்ணு.

மூணாவது சிடியாடாப்பு. தெக்க 25 கிலோமீட்டர். சாயங்காலம் சூரியன் விழுறதப் பாக்க அங்க கூட்டம் கூடும். விழுந்ததும், விழுந்தவனத் தூக்கிவிடக் கூட ஆள் இல்லாம, அத்தன வண்டியும் திரும்பிரும். நீரு அப்பத்தான் நிக்கணும். இருட்டுனதும் ஆந்தைகளுக்குப் பொழுது விடியும். அந்தமான் ஆந்தை, ஹியூம் ஆந்தை, சின்னக் காதாந்தை, பக்கின்னு ஒண்ணொண்ணா கூப்புட ஆரம்பிக்கும். கொரல கேட்டு நின்னா, கெடைக்கிறது கெடைக்கும்.

இங்கனதான் உம்ம திட்டத்துல ‘புளூடூத் ஸ்பீக்கர்’னு ஒரு வரி கெடக்கு. ஆந்தை கொரல போன்ல போட்டு ஆந்தையக் கூப்புடப் போறீரோ? நல்ல யோசனை. ராத்திரி ரெண்டு மணிக்கு உம்ம வீட்டு வாசல்ல வேற ஒருத்தன் நின்னு, ‘இது என் வீடு, வெளிய போவே’ன்னு உம்ம கொரல்லயே கத்துனா நீரு வருவீரா மாட்டீரா? வருவீரு, பதறி அடிச்சு. அதத்தான் அந்த ஆந்தையும் செய்யுது. தன் எல்லைக்குள்ள எவனோ வந்துட்டான்னு வேட்டைய விட்டுட்டு, முட்டைய விட்டுட்டு ஓடிவருது. நீரு படம் புடிச்சிட்டுப் போயிருவீரு. அடுத்த நாளு இன்னொருத்தன் ஸ்பீக்கரோட வருவான். ஒரே மரத்துல இருக்க ஒரே ஆந்தை, சீசன் முழுக்கச் சண்டைக்கு ஆளத் தேடிக்கிட்டே இருக்கணும். ஸ்பீக்கர வீட்டுலயே வச்சிட்டுப் போம். என் மவ பாட்டுக் கேப்பா.

இனி உம்ம பட்டியல்ல செவப்பு எழுத்துல எழுதி, மூணு நட்சத்திரம் போட்டிருக்கீரே, நார்கொண்டம் இருவாச்சி, அதுக்கு வாரேன். அத எந்தத் தேதியில பாக்கப் போறீரு? அஞ்சாம் நாளு மத்தியானம் ரெண்டரை மணிக்கு. சபாஷ்.

நார்கொண்டம் வட அந்தமானுக்குக் கெழக்க நூறு கிலோமீட்டருக்கு மேல, கடலுக்கு நடுவுல தனியாக் கெடக்க ஒரு பழைய எரிமலை. ஒசரம் 710 மீட்டர். பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர் கூட முழுசா இல்ல; நம்ம பஞ்சாயத்து எல்லை அத விடப் பெரிசு. அந்தத் துண்டு நெலத்துல மட்டுந்தான் அந்த இருவாச்சி இருக்கு, ஒலகத்துல வேற எங்கயும் கெடையாது. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பொட்டைக்குக் கறுப்பு. முட்டையிடுற காலத்துல பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி வாசல உள்ள இருந்தே அடச்சுக்கிடும். அலகு நுழையுற அளவுக்கு ஒரு கீத்து மட்டும் விடும். ஆண் பறந்து பறந்து அத்திப்பழம் பொறுக்கித் தொண்டைக்குள்ள அடக்கிட்டு வந்து, அந்தக் கீத்து வழியா ஒண்ணொண்ணா எடுத்து ஊட்டும். மாசக்கணக்கா இதே சோலி. பேறுகாலத்துக்கு ரெண்டு நாளு லீவு போட்டதையே நாலு வருசமாச் சொல்லிக் காட்டுற ஆளு, இதக் கொஞ்சம் மனசுல வையும்.

அங்க சுற்றுலா கெடையாது, ஓட்டல் கெடையாது, போட்டு கெடையாது. போலீசுக் காவல் இருக்கு. அனுமதி இல்லாம கால் வைக்க முடியாது. காவல்காரங்க வளக்கக் கொண்டு போன ஆடு பெருகி, மொளைக்கிற கன்ன எல்லாம் தின்னு, அப்புறம் அதுகள அப்புறப்படுத்துறதே பெரிய பாடாப் போச்சு. ராடார் வைக்கணும்னு ஒரு திட்டம் வந்திச்சு. அந்த இருவாச்சிக்காகவே சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012-ல அத மறுத்திச்சு. 2014-ல அனுமதி கொடுத்துட்டாங்க. நாட்டுப் பாதுகாப்பா இருவாச்சியான்னு தில்லியில ஃபைல் மேலயும் கீழயும் போன எடத்துக்கு, நீரு ‘மதியம் 2.30’னு கட்டம் போட்டிருக்கீரு. அந்தக் கட்டத்த அழிக்காண்டாம். அப்படியே சட்டம் போட்டு மாட்டி வையும்.

அந்தப் பறவைய மொதல்ல எழுத்துல கொண்டு வந்தவன் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரசு ஆரம்பிச்ச அதே ஹியூம்தான். 1873-ல அந்தமான், நிக்கோபார் எல்லாம் கப்பல்ல சுத்தி வந்தான். அந்தக் காலத்துல பறவை பாக்குறதுன்னா சுட்டுக் கையில எடுத்துப் பாக்குறதுதான். பல்லாயிரம் பறவையத் தோலா உரிச்சுச் சேத்து வச்சான், பக்கம் பக்கமா எழுதியும் வச்சான். என்ன ஆச்சு? பெரிய புத்தகத்துக்குன்னு எழுதி வச்சிருந்த காகிதக் கட்ட வேலைக்காரன் பழைய பேப்பர்க் கடையில எடைக்குப் போட்டுட்டான். மனசு வெறுத்துப் போயி, சேத்த பறவைத் தோல எல்லாம் லண்டன் மியூசியத்துக்குத் தூக்கிக் கொடுத்துட்டான். அதே 1885-லதான் காங்கிரசும் பொறந்திச்சு. அதனால மருமவனே, உம்ம எக்ஸெல் தப்பித் தவறி அழிஞ்சு போச்சுன்னா மனசு ஒடஞ்சிராதீரும். வேற ஏதாச்சும் பெரிய காரியத்துக்கு அது ஆரம்பமா இருக்கலாம். கட்சி மட்டும் தொடங்கிராதீரும்.

கிரேட் நிக்கோபாருக்கு ஒரு நாளு ஒதுக்கியிருக்கீரு. ‘காலை போயிட்டு மாலை திரும்புதல்’. போர்ட் பிளேர்ல இருந்து அது ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல தெக்க. கப்பல்ல ஒரு பகல் ஒரு ராத்திரி போதாது. நிக்கோபாருக்குப் போவ நம்ம நாட்டுக்காரனுக்கே அனுமதிச் சீட்டு வேணும். ‘பறவை பாக்க’ன்னு மனு எழுதினா அதிகாரி உம்மள ஒரு தடவ ஏற எறங்கப் பாப்பாரு. அங்க மெகாபோடுன்னு கோழி அளவுல ஒரு பறவை இருக்கு. அடகாக்கவே செய்யாது. மண்ணு, எலை, ஒடஞ்ச பவளம் எல்லாத்தையும் காலால வாரி ஆளுயரத்துக்குக் கூட மேடு கட்டும். எல மக்குற சூட்டுல முட்டை பொரியும். குஞ்சு தானே மண்ணக் கிளறி வெளிய வந்து, அப்பன் ஆத்தா முகமே பாக்காம பொழச்சுக்கிடும். கடக்கரையோரமா மேடு கட்டுற சாதி; சுனாமியில அதுகளுக்கும் பெரிய அடி. பாக்கி இருக்க எடத்துல கலாத்தியா விரிகுடா ஒண்ணு. அதச் சரணாலயம்னு வச்சிருந்தாங்க. துறைமுகம் வரணும்னு 2021-ல அந்தப் பட்டத்தப் பறிச்சாச்சு. ஆக, நீரு ஒரு நாளுல போயிட்டு வர அவசரப்படுறதுல ஞாயம் இருக்கோ என்னவோ. அவசரத்துல உம்மளயும் மிஞ்சுன ஆளுங்க இருக்காங்க.

கச்சல்னு நிக்கோபார்ல ஒரு தீவு இருக்கு. இலங்கையில இருந்து திரும்பி வந்த தமிழ்ச் சனங்கள ரப்பர்த் தோட்டத்து வேலைக்கு அங்க குடியமத்துனாங்க. நம்ம பேச்சு பேசுறவங்க அவ்வளவு தூரத்துலயும் இருக்காங்க. போர்ட் பிளேர்லயும் ஆட்டோக்காரன், கடைக்காரன், கப்பல்காரன்னு நம்ம ஆளுங்களுக்குக் கொறைவில்ல. உம்ம இங்கிலீசப் பெட்டிக்குள்ள வச்சிட்டு, ‘அண்ணாச்சி, இங்கன ஆந்தை எங்க கெடக்கும்?’னு கேளும். உம்ம ஆப்புல இல்லாத பதிலு வரும்.

வட அந்தமானுக்குப் போயே தீருவேன்னு அடம் புடிச்சா, அதுக்கு மட்டும் தனியா மூணு நாளு வேணும். ரோட்டுல ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். நடுவுல ஜாரவா மக்களோட காடு. ஜிர்காடாங்ல வண்டியெல்லாம் சேத்து வரிசையா விடுவாங்க. நிறுத்தக் கூடாது, எறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அந்தக் காட்டுல எந்தக் கொப்புல எது உக்காந்திருந்தாலும் அது அவங்க வீட்டுப் பறவை. நீரு முன்னால இருக்கவன் பொடதியப் பாத்துக்கிட்டுப் போம். டிக்லிபூர் பக்கம் குகைகள்ல எச்சிலாலேயே கூடு கட்டுற உழவாரக் குருவி இருக்கு. அந்தக் கூட்ட சூப்பு வச்சிக் குடிக்க வெளிநாட்டுல கொள்ள வெல. கூட்டத் திருடித் திருடிக் குருவியே அத்துப் போற நெலம. அப்ப நம்ம கோயமுத்தூர் ஆனைக்கட்டி பறவை ஆராய்ச்சி மையத்துல இருந்து ரவி சங்கரன்னு ஒருத்தர் வந்தாரு. போலீசக் கூப்புடல. கூடு எடுத்துக்கிட்டு இருந்தவங்களையே கூட்டுக்குக் காவலா வச்சாரு. எந்தப் பாறையில எந்தக் கீத்துல கூடு இருக்கும்னு அவங்களுக்குத்தானே தெரியும்? குஞ்சு பறந்து போற வரைக்கும் காத்தாங்க. 2009-ல அந்த மனுசன் நடுவயசுலயே போயிட்டாரு. முப்பது டிக் அடிச்சவன் பேரு யாருக்கும் நெனப்புல நிக்காது வே. அவர் பேரு அங்க நிக்குது.

சாமான் விசயம். உம்ம திட்டத்துல எழுதியிருக்க பட்டாளத்துக்காரன் சட்ட எதுக்கு? சாதாரண சாம்பல், பச்சை நெறத்துல பழைய சட்ட போதும். பெரிய லென்சுக்கு ஈரம் ஆகாது. அங்க காத்தே ஈரந்தான். ரெண்டு பருவமழையும் அந்தத் தீவுகள நனைக்கும், வருசத்துக்கு 3,000 மில்லிமீட்டர் சொச்சம். டிசம்பர் கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் போனாக் கடலும் கொஞ்சம் சொன்னபடி கேக்கும். அட்டைக்கு உப்பு, மணல் ஈக்குத் தேங்காண்ண. ஓடைக்கரையில ‘முதலை இருக்கு’ன்னு பலகை கண்டா அத நம்பும். உம்மள விடப் பொறுமையா ஒரு எடத்துல உக்காந்து பாக்கத் தெரிஞ்ச சீவன் அது.

என் மவளையும் கூட்டிட்டுப் போறீரு, சந்தோசம். ‘பீச்சுல ரெஸ்ட்’னு அவளுக்கு ஒரு கட்டம் போட்டு ஒதுக்கி வச்சிருக்கீரே, அத எடுத்துரும். கோழிக்குஞ்ச வல்லூறு தூக்குறதுக்கு முன்ன அஞ்சு வயசுலயே பாத்துச் சத்தம் போட்டவ அவ. பைனாகுலர அவ கையில கொடும். பையி, தண்ணி, குடை மூணையும் நீரு தூக்கும். பறவை கெடைக்கும்.

இப்பத் திட்டத்தத் திருத்தி எழுதும். எட்டு நாளுல ஆறு நாளு தெக்கு அந்தமான்லயே இரும். ரெண்டு காலை சிடியாடாப்பு, ரெண்டு சாயங்காலமும் அங்கயே. ஒரு முழு நாளு மவுண்ட் ஹாரியட். ஒரு காலை சிப்பிகாட். ஒரு காலை ஷோல் பே பக்கம், ஓடையோரம் பாம்புப் பருந்தும் மீன்கொத்தியும் பாக்க. மிச்ச நேரம் மழைக்கும் தூக்கத்துக்கும். ரெண்டு நாளு ஹேவ்லாக், அது கடலுக்கும் மீன்குழம்புக்கும். அங்க பறவை வந்தா லாபம். திரும்பி வர பிளேனுக்கு மொத நாளே போர்ட் பிளேர் வந்திரும். கடைசிப் போட்ட நம்பி பிளேனப் புடிக்கப் போனவங்களுக்கு நான் நெறையச் சோறு போட்டிருக்கேன்.

இன்னும் ஒண்ணு, இது எனக்காவச் சொல்லுதேன். முப்பதையும் பாத்து முடிச்சிராதீரும். கானாங்கோழி, ஒரு ஆந்தைன்னு நாலஞ்சப் பாக்கி வையும். ‘இன்னும் கொஞ்சம் இருக்கு’ன்னு சொன்னாத்தான் அடுத்த வருசமும் லீவப் போட்டுட்டு அந்தப் பக்கம் கெளம்புவீரு. எல்லாத்தையும் பாத்துட்டீருன்னா, அந்த லீவு முழுக்க மாமனார் வீட்டுலதான் வந்து கெடப்பீரு. பத்து மணிக்கு எந்திரிக்க மருமவனுக்கு எட்டரைக்கு இட்லி சுட்டு மூடி வைக்க, உம்ம அத்தைக்கும் வயசாயிட்டுல்லா?